வலிமை குறைந்த அமிலத்துக்கு எவ்வளவு காரம் பிடிக்கும்?

கேள்வி: 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்; மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு) அசிட்டிக் அமிலத்தில் நூற்றுக்கு 1.3 மூலக்கூறுதான் அயனியாகப் பிரிகிறதாம். அப்படியென்றால் 25 மி.லி. அமிலத்துக்கு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு காரம் கொஞ்சம் போதும்தானே?

பதில்: போதாது. முழுதாக 25 மி.லி. வேண்டும், ஹைட்ரோகுளோரிக் அமிலமாக இருந்தாலும் அதே அளவுதான். காரம் விழ விழ, கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிகள் தீர்கின்றன. தீர்ந்த இடத்தை நிரப்ப, பிரியாமல் இருந்த மூலக்கூறுகள் பிரிந்துகொண்டே வரும், கடைசி மூலக்கூறு வரை. அதனால் மோலை மட்டும் எண்ணுங்கள்: 25 × 0.1 = 2.5 மில்லிமோல் அமிலம், அதற்கு 2.5 மில்லிமோல் காரம். பாடநூல்கள் வலிமையைப் பற்றி அவ்வளவு பேசிவிட்டு இதை ஒரு வரியில் கடந்துவிடுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது என்பது என் எண்ணம்.

கேள்வி: அதே சோதனையில் எனக்கு 8 மி.லி.யிலேயே நிறம் மாறிவிட்டது. மெத்தில் ஆரஞ்சு போட்டிருந்தேன்.

பதில்: கணக்கு சரி, நிறங்காட்டிதான் தவறு. வலிமை வேலை காட்டுவது இங்கேதான். மெத்தில் ஆரஞ்சு பி.ஹெச். (அமில, காரத்தன்மையின் அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 3.1 முதல் 4.4-க்குள் மாறிவிடும். உங்கள் கரைசலோ பாதிக் காரம், அதாவது 12.5 மி.லி. சேர்ந்ததுமே 4.76-ஐத் தொட்டுவிடும். முழு 25 மி.லி.யும் சேர்ந்த நிலையில் குடுவையில் இருப்பது சோடியம் அசிட்டேட். அது காரத்தன்மை உள்ளது, பி.ஹெச். சுமார் 8.7. எனவே காரப் பக்கத்தில் நிறம் மாறும் பீனால்ப்தலீன் போடுங்கள். குலுக்கிய பிறகும் வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் நிறுத்திவிடலாம். அப்புறம் நிறம் மெல்ல மறைந்தால் பயப்பட வேண்டாம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் அப்படி ஆகும்.

கேள்வி: ஆக்ஸாலிக் அமிலத்துக்கு என் விடை எப்போதும் பாதியாகவே வருகிறது, ஏன்?

பதில்: ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜனைத் தரும், அதனால் 2-ஆல் பெருக்க வேண்டும். 20 மி.லி. 0.05 மோலார் கரைசலில் 1 மில்லிமோல் அமிலம். அதற்கு 2 மில்லிமோல் காரம், அதாவது 0.1 மோலாரில் 20 மி.லி. எடை போடும்போது மூலக்கூறு எடையை, படிகத்தில் அடங்கிய நீரையும் சேர்த்து, 126 என்று வையுங்கள், 90 அல்ல.

கேள்வி: வினிகரில் எத்தனை சதவீதம் அமிலம் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: தாராளமாக. 10 மி.லி. வினிகரை 100 மி.லி. ஆக்கி, அதில் 20 மி.லி. எடுங்கள். 0.1 மோலார் காரம் 15 மி.லி. பிடித்தால் 1.5 மில்லிமோல், மொத்த 100 மி.லி.யில் அதன் ஐந்து மடங்கு, 7.5. அதை அசிட்டிக் அமிலத்தின் மூலக்கூறு எடையான 60-ஆல் பெருக்கினால் 450 மி.கி., அதாவது 10 மி.லி.யில் 0.45 கிராம்: 4.5 சதவீதம். சோடியம் ஹைட்ராக்சைடு ஈரத்தை இழுக்கும் என்பதால், எடை போட்ட கணக்கை நம்பாமல் முதலில் ஆக்ஸாலிக் அமிலத்தால் அதன் செறிவைச் சரிபாருங்கள்.