பாட்டியின் சுருக்குப் பையில் ரோமானிய வெள்ளிக் காசு

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கரூர்ப் பக்கத்திலிருந்து பால்மரத் தோட்டத்துக்கு வந்த என் பாட்டி, ஒரு வெள்ளிக் காசைக் கடைசிவரை தம் சுருக்குப் பையில் வைத்திருந்தார். ஒருபுறம் இலைமாலை சூடிய ஆணின் தலையும் மறுபுறம் நாற்காலியில் அமர்ந்த பெண்ணும் தெரிகின்றன. எடை 3.65 கிராம், குறுக்களவு 18 மில்லிமீட்டர். விளிம்பில் ஒரு வெடிப்பும், தலைக்கு நேர்மேலே அரம் பட்ட தடமும் உள்ளன. நகைக்கடையில் உரசிப் பார்த்து வெள்ளிதான் என்றார்கள். காசு சேர்க்கும் நண்பரோ அரத்தடம் இருப்பதால் போலி என்கிறார். இது அசல்தானா? திருநீறு போட்டுத் துலக்கி, அடுத்த மாதம் தமிழ்நாட்டுக்குப் போகும்போது யாரிடமாவது காட்டலாமா?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: முதலில், தயவுசெய்து துலக்காதீர்கள். குத்துவிளக்குக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கும் திருநீறு நல்லதுதான். ஆனால் பழங்காசின் மேல் படிந்திருக்கும் கருமையும், எழுத்துகளின் இடுக்கில் இறுகியிருக்கும் மண்ணும் அதன் வயதுக்குச் சாட்சிகள். ஒருமுறை தேய்த்துவிட்டால் அவற்றை மீட்க வழியில்லை. உரைகல்லிலும் இனி உரச வேண்டாம். உரைகல் சொன்னது, மேற்பரப்பு வெள்ளி என்பதை மட்டுமே. இன்றைய போலிகள் பலவும் நல்ல வெள்ளியில்தான் செய்யப்படுகின்றன.

நீங்கள் அனுப்பிய நிழற்படங்களில் இருப்பது, கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியஸ் பேரரசரின் டெனாரியஸ் என்னும் வெள்ளிக் காசின் வடிவம். பெண்ணுருவத்தைச் சுற்றியுள்ள இலத்தீன் எழுத்துகள் 'தலைமைப் பூசகர்' என்ற அவருடைய பட்டத்தைக் குறிக்கின்றன. பிரான்சில் இன்று லியோன் எனப்படும் ஊரில் அச்சடிக்கப்பட்ட இவ்வகைக் காசுகள் மிளகு வாணிபத்தின் வழியே தமிழகத்துக்குப் பெருமளவில் வந்தன; கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. ஆகவே உங்கள் குடும்பக் கதை நம்பத்தக்கதே. ஆனாலும் கதை எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் அது காசுக்குச் சான்றாகாது. காசை அதன் உலோகத்தையும் அது உருவான விதத்தையும் கொண்டே மதிப்பிட வேண்டும்.

எடை பொருந்துகிறது. கி.பி. 64-இல் நீரோ மன்னன் எடையையும் தரத்தையும் குறைக்கும் வரை, ஒரு ரோமானியப் பவுண்டு வெள்ளியில் 84 டெனாரியஸ் அடிப்பது அளவு. அதன்படி ஒரு காசு ஏறத்தாழ 3.9 கிராம். புழங்கித் தேய்ந்தது 3.65 கிராம் இருப்பது இயல்பு.

மிக முக்கியமான கேள்வி, இக்காசு அடிக்கப்பட்டதா, வார்க்கப்பட்டதா என்பதுதான். ரோமானியர் வெள்ளி வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். அந்த அடியில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி விரிவதால், எழுத்துகளின் அடிப்பாகம் கூர்மையாக நிற்கும். விளிம்பு தாங்காமல் சில இடங்களில் வெடிக்கும். வார்ப்பில் செய்த நகலில் எழுத்துகள் மழுங்கி, சோப்புக் கட்டி போல வழவழப்பாக இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் காற்றுக் குமிழ்கள் விட்ட சிறு குழிகள் தெரியும். தேய்மானத்தையும் கவனியுங்கள். கைமாறித் தேய்ந்த காசில் கன்னமும் காதுக்கு மேலுள்ள முடியும் முதலில் தேயும். பள்ளத்தில் இருப்பவை கூர்மையாகவே இருக்கும். எல்லாமே ஒரே அளவில் மங்கியிருந்தால் ஐயப்பட வேண்டும். உங்கள் காசில் கன்னம் தேய்ந்து, கழுத்தின் பின்னே தொங்கும் நாடாவின் முடிச்சு தெளிவாக இருக்கிறது. வெடிப்பின் உட்புறமும் சொரசொரப்பாக, உள்வரை கருத்திருக்கிறது. வார்ப்பு நகலில் வெடிப்புகூட உருண்டு, ஆழமில்லாமல் இருக்கும்.

அரத்தடத்தைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. விளிம்பு முழுவதும் ராவப்பட்டிருந்தால், வார்ப்பின் இணைப்புக் கோட்டை மறைக்கச் செய்தது என்று ஐயப்படுவது நியாயம். உங்கள் காசில் தடம் ஒரே இடத்தில், தலைக்கு நேர்மேலே இருக்கிறது. இது மாலையில் கோப்பதற்காகப் பற்றவைத்த வளையத்தைப் பின்னாளில் எடுத்த அடையாளமாக இருக்கலாம். நம் பெண்கள் காசை அணியாகவும் போட்டிருந்தவர்கள் அல்லவா! இதனால் விற்பனை மதிப்பு குறையும். அசல் என்பது மாறாது.

இதன் அடர்த்தியை வீட்டிலேயே சோதிக்கலாம். மின்தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து எண்ணைப் பூச்சியமாக்கி, காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். காட்டும் எண்ணால் 3.65-ஐ வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். தூய வெள்ளிக்கு 10.5, செம்புக்கு ஏறக்குறைய 9. ஆனால் 0.01 கிராம் வரை மட்டுமே காட்டும் தராசில் ஒரு புள்ளி மாறினாலே விடை 0.3 அளவு மாறிவிடும், 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். விடை 10-க்குக் கணிசமாகக் குறைந்தால், செம்புக்கு மேல் வெள்ளி போர்த்திய காசாக இருக்கலாம். அப்படிப்பட்ட கள்ளக்காசுகளை அக்காலத்திலேயே செய்தார்கள் என்பதால், அதுவும் இரண்டாயிரம் ஆண்டுப் பொருளாக இருக்கக்கூடும். எக்ஸ்ரே கருவியில் சோதிக்க வாய்த்தால், வெள்ளியோடு சிறிதளவு தங்கமும் ஈயமும் காட்டுகிறதா என்று கேளுங்கள். ஈயத் தாதிலிருந்து பிரித்தெடுத்த பழைய வெள்ளியில் அவை எஞ்சியிருப்பது வழக்கம். கருவி பார்ப்பது மேற்பரப்பை மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம்.

என் கருத்தில், இக்காசு அசலாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. படத்தை மட்டும் பார்த்து உறுதி சொல்வது முறையன்று; பழங்காசு அறிந்தவர் கையில் எடுத்து விளிம்பைப் பார்க்க வேண்டும். ஆனால் அதற்காகக் காசைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட காசுகளைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. திரும்பும்போது விமான நிலையத்தில் பாட்டியின் காசைப் பறிகொடுக்க நேரலாம். படங்களை மட்டும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: அகஸ்டஸ் மன்னரின் தலையும், மறுபுறம் கேடயங்களோடு நிற்கும் இரண்டு இளைஞர்களும் உள்ள இரண்டு காசுகளை இணையத்தில் வாங்கினேன். இரண்டிலும் விளிம்பு வெடிப்பு ஒரே இடத்தில் இருக்கிறது. ஒரே அச்சில் அடித்ததால் அப்படி இருக்குமா?
- ஒரு வாசகர், கூலிம், கெடா

பதில்: இருக்காது. ஒரே அச்சில் அடித்த காசுகளில் உருவமும் எழுத்தும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வில்லையையும் கையால் வைத்து அடித்ததால், உருவம் விலகிய அளவும் வெடிப்பும் காசுக்குக் காசு மாறும். வெடிப்பும் ஒத்துப்போகிறது என்றால், ஒன்றைப் பார்த்து மற்றொன்றை வார்த்திருக்கிறார்கள், அல்லது இரண்டையுமே மூன்றாவது காசிலிருந்து எடுத்திருக்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் படமெடுத்து விற்றவருக்கு அனுப்பி, பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.