செம்பா, செம்பு பூசியதா? வெட்டிப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: பழைய கார் ஒன்றை அண்ணனும் நானும் பிரித்து, எங்கள் விருப்பத்துக்கு மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறோம். வயரிங் முழுவதும் புதிது. ‘16 கேஜ், 30 மீட்டர்’ (கேஜ் என்பது கம்பியின் தடிமன் அளவு) என்ற ஒரே பெயரில் இணையத்தில் மூன்று மடங்கு விலை வித்தியாசத்தில் வயர் விற்கிறார்கள். பட்டறையில் ஒருவர் வீட்டு வயரே போதும் என்கிறார். எதை வாங்குவது? – சிங்கப்பூர், யீஷூன் வாசகர்

பதில்: முதலில், வீட்டு வயர் வேண்டாம். அது சுவருக்குள் அசையாமல் கிடப்பதற்குச் செய்தது. கம்பி தடிமனானது, இழைகள் குறைவு. ஓயாத அதிர்வில் இணைப்பின் ஓரத்தில் முறியும். சாதாரண வீட்டு வயரின் பிவிசி உறை 70 டிகிரி வரைதான் தாங்கும். நம் ஊர் வெயிலில் நெரிசலில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் அது போதாது.

விலை வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே இருக்கும் உலோகம். மலிவு வயர்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. ‘சிசிஏ’ என்று எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. ஒரே தடிமனில் அதன் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். சில ஆண்டுகளுக்கு முன் என் வேனின் பின்விளக்குக்கு இப்படி ஒரு சுருளை வாங்கிப் போட்டேன். எட்டாவது மாதம் விளக்கு மங்கியது. உறையை உரித்துப் பார்த்தால், கிரிம்ப் செய்த (கனெக்டரை வயரோடு நசுக்கிப் பிடிக்கவைத்த) இடத்தில் வெள்ளைப் பொடி. லேசாக இழுத்ததும் இழைகள் உதிர்ந்து கையோடு வந்துவிட்டன.

அதனால் கையில் கிடைத்ததும் ஒரு துண்டை வெட்டி, இழையின் முகத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நடுவரை சிவப்பாக இருந்தால் செம்பு. ஓரத்தில் மட்டும் சிவப்பு, நடுவில் வெள்ளை என்றால் அலுமினியம். ஒன்றில் மட்டும் குழம்பிவிடாதீர்கள்: படகுகளுக்கான வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வெளியே வெள்ளியாகத்தான் மின்னும், வெட்டினால் உள்ளே சிவப்பு. நம் ஈரக்காற்றுக்கு அது அருமையான வயர், விலைதான் கூட. மல்டிமீட்டர் இருந்தால் முழுச் சுருளின் இரு முனையையும் அளந்து பாருங்கள். 16 கேஜில் 30 மீட்டர் செம்பு ஏறக்குறைய 0.4 ஓம் காட்டும், சிசிஏ 0.6-ஐத் தாண்டும். மல்டிமீட்டரின் இரு முனையையும் சேர்த்துத் தொட்டால் வரும் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், உறையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படியுங்கள். அமெரிக்கத் தர வயரில் ஜிஎக்ஸ்எல், டிஎக்ஸ்எல் என்று இருக்கும். இரண்டும் 125 டிகிரி தாங்கும். டிஎக்ஸ்எல்லின் உறை மெலிது என்பதால் கட்டு பருமனாகாது. ஜிபிடி என்றால் பிவிசி உறை, எஞ்சினை ஒட்டி வேண்டாம். ஜப்பானிய வயரில் ஏவிஎஸ், ஐரோப்பிய வயரில் எஃப்எல்ஆர்ஒய் என்று பார்ப்பீர்கள். எதுவுமே அச்சிடாத வயரை நான் வாங்க மாட்டேன். டாஷ்போர்டுக்குப் பின்னால் போய்விட்டால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. மிச்சம் பிடிப்பதை வேறு எதிலாவது பிடியுங்கள்.

எங்கே வாங்குவது? ஜாலான் புசாரில் சிம் லிம் டவருக்கு ஒரு நடை போய் வாருங்கள் (ஸ்குவேர் அல்ல, டவர்). கனெக்டர், சூடாக்கினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய், கிரிம்ப் கருவி எல்லாம் தொட்டுப் பார்த்து வாங்கலாம். நீங்கள் தேடும் கார் வயர் அங்கே கிடைக்காவிட்டால் வெளிநாட்டிலிருந்து வரவழையுங்கள். விலையோடு 9% ஜிஎஸ்டியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘முழுச் செம்பு’ என்று விற்றது சிசிஏ என்று தெரிந்தால்?

பதில்: சொன்ன பொருள் வேறு, கொடுத்த பொருள் வேறு. கடை இங்கே உள்ளது என்றால் குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 முதல் நடப்பில் உள்ள ‘லெமன்’ சட்டம் உங்களுக்குத் துணை. வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. வெட்டிய முனையின் படம், ரசீது, விளம்பரப் பக்கத்தின் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு முதலில் கடையில் பேசுங்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’, அதற்கும் மேலே சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம். ஒரு மீட்டருக்குமேல் வெட்டிப் பயன்படுத்துவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். பாதி தீர்ந்த சுருளைத் திருப்பிக் கொடுக்கப் போனால் பேச்சு வளரும்.