சிப்பாய்களின் புகார்ப் பக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவம் தன் சிப்பாய்களுக்காக நடத்திய 'யாங்க்' வார இதழைப் பற்றித் தாங்கள் சென்ற மாதம் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ஒரு சாதாரணச் சிப்பாய் அன்றாடம் எதைத் தின்றான், எதற்கு அலுத்துக்கொண்டான், எதற்குச் சிரித்தான் என்பதை அறியப் போர் வரலாறுகளைவிட அந்த இதழே நல்ல வழி என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நான் அரசுத் துறை ஒன்றில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்கள் துறையும் ஒரு மாத இதழ் நடத்தியது. ஊழியரின் குறை என்று அதில் ஒரு வரிகூட வந்ததில்லை. அதிகாரிகள் குத்துவிளக்கு ஏற்றும் படங்கள்தாம் பக்கத்துக்குப் பக்கம் வந்தன. ஓர் அலுவலகமே இப்படியென்றால், போரை நடத்தும் ராணுவம் தானே அச்சிடும் பத்திரிகையில் உண்மை எங்கிருந்து வரும்? அதிலும் ஆயிரக்கணக்கானோர் செத்துக்கொண்டிருக்கும்போது கேலிச்சித்திரமும் நடிகைகளின் படமும் போடுவது சிப்பாயை மயக்கத்தில் வைக்கும் தந்திரம் அன்றி வேறென்ன? தவறாக எண்ணாமல் பதில் எழுதவும்.

இரா. ம., திருச்சி

அன்புள்ள இரா. ம. அவர்களுக்கு,

தவறாக எண்ண இதில் ஒன்றும் இல்லை. 'யாங்க்' ஒரு பிரசார இதழ் என்பதை நானும் ஏற்கிறேன். அதன் முதல் இதழில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே வாழ்த்துச் செய்தி எழுதினார்; ஒரு சிப்பாய் தன் கருத்தை அச்சில் சொல்வது நம் எதிரிகளுக்குப் புரியாத விஷயம் என்பது அதன் சாரம். கருத்துச் சுதந்திரத்தையே ஆயுதமாகக் காட்டிய பிரசாரம் அது. ஆனால் உங்கள் துறை இதழுக்கும் அதற்கும் இரண்டு வேறுபாடுகள் உண்டு. எழுதியவர்கள் யார், காசு கொடுத்தவர்கள் யார் என்பவை அவை.

1942 ஜூன் 17-இல் தொடங்கிய 'யாங்க்', நியூயார்க்கின் 42-ஆம் தெருவிலிருந்த அலுவலகத்திலிருந்து நடத்தப்பட்டது. நிர்வாகத்துக்குத் தலைமை தாங்கியவர் ஃபிராங்க்ளின் ஃபோர்ஸ்பெர்க் என்ற கர்னல். எழுத்தும் படமும் மட்டும் அதிகாரி அந்தஸ்து இல்லாதவர்களின் கையில் இருந்தன. நிர்வாக ஆசிரியர் ஜோ மெக்கார்த்தியே ஒரு சார்ஜென்ட்தான் (பின்னாளில் கம்யூனிஸ்டு வேட்டையாடிய செனட்டர் வேறு ஆள்). இதழும் இலவசமன்று, விலை 5 சென்ட். சும்மா கிடைக்கும் துண்டுப் பிரசுரத்தைச் சிப்பாய் அடுப்பு மூட்டப் பயன்படுத்திக்கொள்ளலாம். தன் சட்டைப் பையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்து வாங்கவேண்டுமென்றால், அதில் தன் வாழ்க்கை இருக்கிறதா என்று பார்ப்பான். உலகெங்கும் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகளாக, கல்கத்தாவிலிருந்தும் ஒன்றாக, அந்த இதழ் 20 லட்சம் பிரதிகளைத் தாண்டியதற்கு அதிகாரிகளின் உத்தரவு மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

ராணுவம் ஏன் இதை அனுமதித்தது என்பதற்கு என் ஊகத்தைச் சொல்கிறேன். அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன், 1941 கோடையில், ஓராண்டுச் சேவை என்று சொல்லிக் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட இளைஞர்களின் காலத்தை நீட்டிக்கும் மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. ஆகஸ்ட் 12-இல் 203-க்கு 202 என்ற ஒரே வாக்கு வித்தியாசத்தில் அது நிறைவேறியது. அந்த நாள்களில் முகாம்களின் சுவர்களில் 'ஓஹியோ' என்று சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்தது. அது மாநிலத்தின் பெயரன்று. அக்டோபரில் ஓடிப்போவோம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். சுவரில் எழுதப்படும் புகாரைவிடத் தாளில் அச்சாகும் புகார் ஆபத்துக் குறைந்தது என்பதை ராணுவத் தலைமை அப்போதே கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கொதிக்கும் பாத்திரத்தின் மூடியைச் சற்றுத் திறந்து வைக்கும் வேலை அது. நோக்கம் அடக்கிவைப்பதாகவே இருந்தாலும், திறந்த இடுக்கின் வழியே வந்த ஆவி உண்மையானது.

காலுறையை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' என்ற ராணுவ நாளிதழில் பில் மால்டின் என்ற இளம் சார்ஜென்ட் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்றில், தாடி மழிக்காத இரண்டு காலாட்படை வீரர்கள் சேற்றில் உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று என் உயிரைக் காப்பாற்றினாய், கைம்மாறு செய்வதாகச் சொன்னேன், இதோ என்னிடம் மிஞ்சியிருக்கும் கடைசி உலர்ந்த காலுறை என்று ஒருவன் மற்றவனிடம் நீட்டுகிறான். நம் ஊர் வெயிலில் உட்கார்ந்து பார்க்கும்போது இது வெறும் வேடிக்கையாகத் தோன்றும். நனைந்த காலுறையும் பூட்ஸுமாக நாள்கணக்கில் குளிர்ந்த பதுங்குகுழியில் நின்றால், பாதத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து முதலில் மரத்துப்போகும், பின் வீங்கும், பூட்ஸைக் கழற்றினால் மறுபடி மாட்ட முடியாது, முற்றினால் தோல் கறுத்து, விரல்களை வெட்டி எடுக்க நேரும். 1944-45 குளிர்காலத்தில் ஐரோப்பியப் போர்முனையில் மட்டும் 40,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இவ்வாறு குளிரில் கால் கெட்டு மருத்துவமனைக்குச் சென்றார்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒருவர் காலை மற்றவர் தேய்த்துவிட வேண்டும், ஈரக் காலுறையைச் சட்டைக்குள் மார்போடு வைத்து உலர்த்த வேண்டும் என்பவைதாம் அப்போது சொல்லப்பட்ட வழிகள். படைகள் எந்த ஆற்றை எந்தத் தேதியில் கடந்தன என்று எழுதும் நூல்களில் இந்தக் கால்கள் ஓர் அட்டவணையின் ஒரு வரியாக நிற்கும். கேலிச்சித்திரத்தில் கால்கள்தாம் கதை.

சாப்பாடும் அப்படியே. கே-ரேஷன் என்ற பொட்டலத்தை அன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் வடிவமைத்தபோது சில நாள்களுக்கான அவசர உணவாகவே அது கருதப்பட்டது. காலை, மதியம், இரவு என்று மூன்று அட்டைப்பெட்டிகள். சிறு டப்பாவில் இறைச்சியோ பாலாடைக்கட்டியோ, கல் போன்ற பிஸ்கட், சூயிங்கம், நான்கு சிகரெட். சில நாள்களுக்கென்று செய்ததை வாரக்கணக்கில் தின்னவைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிப்பாய்களின் எழுத்தே சாட்சி. அதில் வரும் எலுமிச்சைப் பொடியைக் குடிப்பதைவிடப் பாத்திரம் தேய்க்கலாம் என்பது அன்று எல்லா முனைகளிலும் புழங்கிய கிண்டல். பசிபிக் தீவுகளிலும் பர்மா எல்லையிலும் இருந்தவர்கள் மலேரியாவுக்காக அட்டபிரின் மாத்திரையைத் தினமும் விழுங்கினார்கள். கசப்போடு, தோலையும் மஞ்சளாக்கியது அது. ஆண்மை போய்விடும் என்ற வதந்தியும் சேர்ந்துகொள்ள, மாத்திரையை வாயில் வாங்கி அப்பால் போய்த் துப்பியவர்கள் பலர். அதனால் சில படைப்பிரிவுகளில் சிப்பாய் விழுங்கும்வரை அதிகாரி பக்கத்திலேயே நிற்கவேண்டியிருந்தது.

'யாங்க்' இதழில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, உங்களைப் போன்ற அலுவலக அனுபவம் உள்ளவருக்கும் பிடிக்கக்கூடியது, சிப்பாய்களின் சம்பளச் சிக்கல்களுக்கும் குடும்பச் சிக்கல்களுக்கும் பதில் சொன்ன பத்தி. கடைநிலைச் சிப்பாயின் மாதச் சம்பளம் 50 டாலர். மணமானவனாக இருந்தால் அதில் 22 டாலரைப் பிடித்துக்கொண்டு, அரசு 28 டாலர் சேர்த்து, மனைவிக்கு 50 டாலராக அனுப்பும். இந்தக் கணக்கு ஒரு மாதம் தவறினாலும் ஊரில் வாடகை நின்றுவிடும் என்பதால், குண்டு விழும் இடத்திலிருந்தும் சிப்பாய் இதைப் பற்றித்தான் கேள்வி கேட்பான். 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தபின் கேள்விகள் புள்ளிக் கணக்கின் மேல் திரும்பின. சேவை செய்த மாதத்துக்கு ஒரு புள்ளி, வெளிநாட்டில் கழித்த மாதத்துக்கு இன்னொன்று, பதக்கத்துக்கு ஐந்து, மூன்று குழந்தைகள்வரை குழந்தைக்குப் பன்னிரண்டு என்று கூட்டி 85 வந்தவன் ஊர் திரும்பலாம். விமானப்படைக்காரனுக்குப் பதக்கங்கள் சேர்ந்துகொண்டே போக, சேற்றில் கிடந்த காலாட்படைக்காரனின் போர்முனைச் சின்னத்துக்கு ஒரு புள்ளியும் கிடையாது என்ற வயிற்றெரிச்சலைப் பணிமூப்புப் பட்டியலோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இவற்றைச் சிப்பாய் வீட்டுக்கு எழுதியிருக்க மாட்டானா என்று கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து அவன் எழுதிய கடிதத்தை முதலில் அவன் பிரிவின் அதிகாரியே பிரித்துப் படித்துத் தணிக்கை செய்தார். கடைசியில் அம்மாவோ மனைவியோ படித்தாள். அதிகாரிக்கு முன் புலம்பக் கூச்சம், அம்மாவுக்கு முன் புலம்பத் தயக்கம். ஆகவே வீட்டுக்கு 'நலம்' என்று எழுதியவன், தன்னைப் போன்றவர்களே படிக்கும் பத்திரிகைக்கு மனத்தில் உள்ளதை எழுதினான்.

படங்களைப் பற்றிய உங்கள் குற்றச்சாட்டில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நடிகைகளின் முழுப்பக்கப் படம் ஆண்களைக் கூட்டமாக அடைத்து வைத்த எந்த நிறுவனமும் செய்யும் வேலைதான். அதற்குமேல் ஆராய எனக்கு ஆர்வமில்லை. கேலிச்சித்திரம் வேறு விஷயம். டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு வந்த சார்ஜென்ட் ஜார்ஜ் பேக்கர் 'யாங்க்' இதழில் வரைந்த 'சேட் சாக்' என்ற சோப்ளாங்கிச் சிப்பாய் பெரும்பாலும் பேசவே மாட்டான். எதைச் செய்தாலும் அவனுக்குத் தண்டனைதான் மிஞ்சும். இதில் மயக்கம் எங்கே இருக்கிறது? மால்டினின் அழுக்குச் சிப்பாய்களைக் கண்டு அமெரிக்கப் படைத் தளபதி ஜெனரல் பேட்டன் ஆத்திரப்பட்டு, 1945 மார்ச்சில் லக்ஸம்பர்க்கில் அவரை நேரில் வரவழைத்துக் கண்டித்தார். ஆனால் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியான ஐசனோவரின் தலைமையகம் பத்திரிகையின் பக்கமே நின்றது. வெறும் மயக்க மருந்தாக இருந்திருந்தால் பேட்டனுக்குக் கோபம் வந்திராது.

வராதவையும் உண்டு. புகாருக்கு ஓர் எல்லை இருந்தது. பூட்ஸ், சமையல்காரர், சார்ஜென்ட், தபால் தாமதம் எல்லாவற்றையும் பழிக்கலாம். இந்தப் போர் வேண்டுமா என்று கேட்க முடியாது. படையை விட்டு ஓடிய குற்றத்துக்காக எட்டி ஸ்லோவிக் என்ற சிப்பாய் 1945 ஜனவரி 31-இல் சுட்டுக்கொல்லப்பட்டது, போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்தே பொதுமக்களுக்குத் தெரியவந்தது. அச்சத்தைச் சிரிப்பாக மாற்றி அச்சிடலாம். அச்சமாகவே அச்சிட முடியாது. 'யாங்க்' நிருபர்களும் முனையில் இறந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். புகைப்படக்காரர் ஜான் புஷெமி 1944 பிப்ரவரியில் பசிபிக்கிலுள்ள எனிவெட்டாக் தீவில் குண்டுக்கு இரையானார்.

ஆனால் அந்த எல்லையையும் சில சமயம் ஓர் எளிய புகார் தாண்டிவிட்டது. 1944 ஏப்ரல் 28 இதழின் கடிதப் பகுதியில் ரூபர்ட் டிரிம்மிங்ஹாம் என்ற கறுப்பினக் கார்ப்பரலின் கடிதம் வந்தது. அவரும் வேறு எட்டுக் கறுப்பினச் சிப்பாய்களும் லூசியானாவின் கிளைபோர்ன் முகாமிலிருந்து அரிசோனாவிலுள்ள ஹுவாச்சூகா கோட்டை மருத்துவமனைக்குப் போகிறார்கள். வழியில் ஓரிடத்தில் மறுநாள் ரயிலுக்காகத் தங்கவேண்டியிருக்கிறது. அந்த ஊரில் எந்த உணவுக்கடையிலும் அவர்களுக்கு ஒரு கோப்பைக் காபி கிடைக்கவில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலையில் மட்டும் தருவார்கள், அதுவும் சமையலறைக்குள் போய்த்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். பகல் பதினொன்றரை மணி அளவில் ஏறக்குறைய இரண்டு டஜன் ஜெர்மானியப் போர்க்கைதிகளை இரண்டு அமெரிக்கக் காவலர்கள் அழைத்து வருகிறார்கள். கைதிகள் உள்ளே போய், மேசையில் அமர்ந்து, பரிமாறப்பட்டதை உண்டு, சிரித்துப் பேசிப் புகைபிடிக்கிறார்கள். கார்ப்பரல் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இவர்கள் இந்த நாட்டின் எதிரிகள் அல்லவா, நாங்கள் அதன் சிப்பாய்கள் அல்லவா, பிறகு எதற்காகப் போரிடுகிறோம் என்று அவர் கேட்கிறார்.

பொறுமையாக, கடிகார நேரம் முதற்கொண்டு எழுதப்பட்ட இந்தக் கடிதத்தை நீங்கள் சொல்லும் மயக்கக் கணக்கில் என்னால் சேர்க்க முடியவில்லை. சாப்பாட்டைப் பற்றிய ஆயிரம் புகார்களில் ஒன்றாகவே அது அந்தப் பக்கத்துக்குள் நுழைந்தது. மறுப்பாக அல்லாமல் ஆதரவாகவே சிப்பாய்களின் கடிதங்கள் குவிந்தன. அதே ஆண்டு ஜூலை 28 இதழில் டிரிம்மிங்ஹாம் மறுபடி எழுதினார்: தமக்கு நேரில் வந்த கடிதங்கள் 287, விசித்திரமாகத் தோன்றினாலும், அவற்றில் 183 படைகளில் பணியாற்றிய வெள்ளை இன ஆண்களும் பெண்களும் எழுதியவை. படைகளில் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஜனாதிபதி ட்ரூமனின் ஆணை 1948 ஜூலை 26-இல்தான் வந்தது. கடிதங்கள் அதைக் கொண்டுவந்தன என்று நான் சொல்லவில்லை. அதற்கு வேறு பல போராட்டங்கள் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சிற்றுண்டிச்சாலை வாசலில் நின்ற மனிதரின் பக்கம் 183 வெள்ளையர்கள் கையெழுத்திட்டு நின்றார்கள் என்பதை நமக்குச் சொல்வது ராணுவம் அச்சிட்ட ஒரு வார இதழ்.

'யாங்க்' 1945 டிசம்பர் 28 இதழோடு நின்றுவிட்டது. நீங்கள் படித்துப் பார்ப்பதானால் அட்டையையும் தலையங்கத்தையும் விட்டுவிட்டு, கடிதப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். மற்றொன்று: உங்கள் துறை இதழின் பழைய பிரதிகள் வீட்டில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். குத்துவிளக்குப் படங்களுக்கு நடுவே இடமாறுதல் பட்டியலும் கூட்டுறவுச் சங்கக் கடன் அறிவிப்பும் இருந்திருக்குமே, அவற்றைப் பார்க்க எனக்கு ஆசை.