என்.எம். பெரேராவும் கூப்பன் மாவும்

அன்புள்ள ஐயா,

பேராதனையில் பொருளியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஊர் மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பகுதியான பொகவந்தலாவை. இலங்கையின் இடதுசாரித் தலைவரும் முன்னாள் நிதியமைச்சருமான என்.எம். பெரேராவைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். லண்டனில் இரண்டு கலாநிதிப் பட்டம் வாங்கியவர் அரசியலுக்கு வந்து வீணாகிவிட்டார் என்று தோன்றுகிறது. என்னைப் பிரதேச சபைக்கு நிற்கச் சொல்கிறார்கள். மேற்படிப்பா, அரசியலா? தமிழில் பொருளியல் நூல்கள் குறைவாக இருப்பதும் கவலை.

அன்புள்ள தம்பி,

நூல் இல்லையென்றால் ஆங்கிலத்தில் படியுங்கள். அதெல்லாம் ஒரு கவலையா? ஆனால் 'வீணாகிவிட்டார்' என்று எழுதினீர்களே, அதற்குத்தான் கோபம் வந்தது. லண்டனில் பேராசிரியர் ஹரோல்ட் லாஸ்கியிடம் படித்துவிட்டு வந்த மனிதர், 1934–35 மலேரியாக் காலத்தில் கிராமங்களில் பருப்புக் கொடுத்து 'பருப்பு மாத்தயா' (பருப்பு ஐயா) என்று பேர் வாங்கினார். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தனைப் பொலிஸ் சுட்டபோது தொழிலாளர் பக்கம் நின்றது அவருடைய லங்கா சமசமாஜக் கட்சி. அதே ஆண்டில் அவர் சிறைக்குப் போனார். 1948இல் மலையகத் தமிழரான நம் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்தார். இதையா வீண் என்கிறீர்கள்?

எனக்கு அவரோடு உள்ள வழக்கு வேறு. கொஞ்ச நாளாக அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. 1964இல் நிதியமைச்சரானார். அந்த ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து நம் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு போட்டது. அவர் அமைச்சரவையிலேயே இருந்தார். 1970இல் மறுபடி நிதியமைச்சர். 1973–74இல் உலகச் சந்தையில் உணவு விலை ஏறியது, நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை, கூப்பனுக்குக் கொடுத்த உணவுப் பங்கீட்டைக் குறைத்தார்கள். கிராமத்து மக்களுக்கு மரவள்ளியாவது பலாவாவது இருந்தது. தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் கான்தான் (சாக்கடைதான்) ஓடியது, அதைத் தாண்டினால் தோட்டத்துத் தேயிலை. ஒரு கிழங்கு நட இடம் கிடையாது.

கூப்பன் கடையில் மா முடிந்துவிட்டது என்று கேட்டு வெறும் பையோடு திரும்பிய அம்மாவை எனக்குத் தெரியும். மறுநாள் காலை பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு, வெறும் சாயத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனாள். அந்த ஆண்டுகளில் நாட்டிலேயே சாவு விகிதம் அதிகமாக இருந்தது தோட்டத்து மக்களிடையேதான். அரசு தேடி அலைந்த செலாவணியைத் தேயிலையாகக் கிள்ளிக் கொடுத்தவர்களும் அவர்கள்தான்.

தம்பி, இதைப் படிப்பின் குறை என்று எழுதிவிடாதீர்கள். அவருக்குக் கணக்குத் தெரியும், ஏழையையும் தெரியும். வாக்கில்லாதவனின் பசி எந்த நிதியமைச்சரின் மேசைக்கும் கடைசியாகத்தான் வரும். நம்மில் பெரும்பாலோருக்கு அப்போது வாக்கு இல்லை. அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று 1948இலேயே புரிந்தவர் அவர். அவர் காலத்திலேயே அது நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லாவிட்டால் நான் படிக்கமாட்டேன்.

1977 தேர்தலில் எட்டியாந்தோட்டைத் தொகுதியில் தோற்றார். அப்புறமும் சும்மா இருக்கவில்லை, 1978இன் புதிய அரசியலமைப்பை விமர்சித்துப் புத்தகம் எழுதினார். 1979இல் காலமானார்.

சரி, உங்கள் கேள்வி. சபைக்கு நில்லுங்கள், பட்டத்தையும் முடியுங்கள், இரண்டுக்கும் வயதிருக்கிறது. அதற்கு முன் உங்கள் அப்பாயியிடம் போய் 1974இல் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு, அதைக் கட்டுரையின் முதல் அத்தியாயத்திலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள்.