முள்ளிலிருந்து தொடங்குங்கள்: பைக் மீனுக்கான கம்பு, ரீல், நரம்பு

கேள்வி: பாம்பனில் வளர்ந்தவன் நான், கைத்தூண்டில் பழக்கம் உண்டு. இப்போது இங்கிலாந்தில் ஈலி நகரில் வசிக்கிறேன். இந்தக் குளிர்காலத்தில் கிரேட் ஊஸ் ஆற்றிலும் பக்கத்து வடிகால் வாய்க்கால்களிலும் பைக் (pike) என்னும் நன்னீர் வேட்டை மீனைப் பிடிக்க ஆசை. கையில் இருப்பது ஆறரை அடி ஸ்பின்னிங் கம்பும் 8 பவுண்டு தாங்கும் நைலான் தூண்டில் நரம்பும்தான். இவை போதுமா? கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது.

பதில்: போதாது. மீன் பெரியது, நரம்பை அறுத்துக்கொண்டு ஓடிவிடும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் பக்கத்து வாய்க்கால்களில் மாட்டுபவை பெரும்பாலும் பத்துப் பவுண்டுக்கு உட்பட்டவை. 2024இல் சூ வேலி ஏரியில் 47 பவுண்டு 5 அவுன்ஸ் மீன் ஒன்று பிடிபட்டது, ஆனால் அது பிரிட்டிஷ் சாதனை. திறந்த நீரில், பொறுமை இருந்தால், சாதாரண பைக்கை 8 பவுண்டு நரம்பிலேயே களைக்கவிட்டுக் கரையேற்றலாம். சிக்கல் அதன் பல்லிலும் நீங்கள் வீசப்போகும் இரையின் எடையிலும் இருக்கிறது.

ஷீலா மீனின் வாயைப் பார்த்த உங்களுக்குப் பல்லைப் பற்றிப் பாடம் வேண்டாம். பைக்குக்குக் கூடுதலாக மேலண்ணம் முழுவதும் உள்நோக்கிச் சாய்ந்த சிறு பற்கள் உண்டு. கவ்வியது வெளியே வராது. நான் இழந்த முதல் பைக் நைலானைக் கடித்துப் போனது. கையில் மிஞ்சிய நுனியில் பிசிறு இல்லை, சுருள் இல்லை. கத்தரிக்கோலால் வெட்டியது போலிருந்தது. தொண்டையில் முட்களோடு போன மீன் பிழைத்திருக்குமா என்ற கேள்வி பல நாள் உறுத்தியது.

அதனால் முள் பக்கத்திலிருந்து வாங்கத் தொடங்குங்கள். முதலில், நரம்புக்கும் முள்ளுக்கும் நடுவே கட்டும் எஃகுக் கம்பி: பல இழை முறுக்கியது, 30 பவுண்டு தாங்குவது, நீளம் 18 அங்குலத்துக்குக் குறையாதது. ஃப்ளூரோகார்பன் நரம்பே போதும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். முதல் வருடம் கடையில் கட்டி விற்கும் கம்பியையே வாங்குங்கள். 6 அல்லது 8ஆம் எண் மும்முள் (மூன்று கொக்கி சேர்ந்த முள்) இரண்டு இருக்கட்டும். முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முனைகளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், கழற்ற எளிது. பன்றி வால் போல் சுருண்ட கம்பியை நீவிச் சரிசெய்யாமல் தூக்கி எறியுங்கள்.

அடுத்தது நரம்பு. பைக்குக்கு 50 பவுண்டு பின்னல் நரம்பு என்றால் பலர் சிரிப்பார்கள். ஆனால் 50 பவுண்டு பின்னலும் 15 பவுண்டு நைலானும் ஏறக்குறைய ஒரே தடிமன், 0.35 மில்லிமீட்டரை ஒட்டியவை. பின்னல் இழுபடாது, இரை காற்றில் பறக்கும்போது எங்காவது சிக்கினால் அந்த அதிர்வு முழுவதும் நரம்பில் இறங்கும். 20 பவுண்டுப் பின்னல் அப்போது படீரென்று அறும். சேறும் அல்லித் தண்டும் நிறைந்த உங்கள் வாய்க்காலுக்குப் பின்னல்தான் சரி. கல்லும் சிப்பியும் உள்ள அடித்தளத்தில் அது உரசித் தேயும். அங்கே 15 பவுண்டு நைலான். பின்னலைச் சுற்றும் முன் ரீலில் சில சுற்று நைலான் போடுங்கள். இல்லையென்றால் மொத்தச் சுருளும் அச்சில் வழுக்கிச் சுழலும். மீனை இழுக்கிறோம் என்று நினைத்துக் காற்றைச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். முடிச்சை எச்சிலால் நனைத்த பிறகே இறுக்குங்கள்.

கம்பு எடையைப் பொறுத்தது. குளிர்காலத்தில் பைக் துரத்தி வேட்டையாடுவதைவிட, அடியில் கிடக்கும் செத்த மீனை எடுக்கவே விரும்பும். பாதிக் கானாங்கெளுத்தியும் மிதப்பும் ஈயமும் சேர்ந்தால் 100 கிராமை எட்டிவிடும். ஆறரை அடிக் கம்பால் அதை வீச முயன்றால் இரை ஒரு பக்கமும் முள் ஒரு பக்கமுமாகப் பறக்கும். 12 அடி நீளத்தில், ‘டெஸ்ட் கர்வ்’ 2.75 அல்லது 3 பவுண்டு உள்ளதை எடுங்கள். நுனி, அடிப்பகுதிக்குச் செங்குத்தாக வளைய எத்தனை பவுண்டு இழுக்க வேண்டும் என்பதே அந்த எண். ‘பைக் ராட்’ என்ற பெயருக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. பழைய கார்ப் மீன் கம்பு ஒன்று போதும். வாய்க்கால் குறுகியது, பத்துப் பதினைந்து மீட்டர் வீச்சே அதிகம். சாட்டை போல் அடிக்காமல் ஊஞ்சல் ஆட்டுவது போல் வீசுங்கள். செயற்கை இரை போட்டு நாளெல்லாம் நடக்க விரும்பினால் அது தனிக் கதை: 8 அடி, 80 கிராம் வரை வீசும் கம்பு. ஆறரை அடிக் கம்பைப் பெர்ச் மீனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரீலில் அதிகம் யோசிக்க எதுவுமில்லை. 6000 அளவு, டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி) தடுமாறாமல் விட வேண்டும், அவ்வளவுதான். பின்னல் 50 பவுண்டு தாங்குகிறதே என்று டிராக்கை முழுவதும் இறுக்கினால் முள் கிழித்துக்கொண்டு வரும்.

மிச்சப் பணத்தில் 12 அங்குல இடுக்கி, 42 அங்குல வலை, ஈரமாக்கி விரிக்க ஒரு மெத்தை. இவை இல்லாமல் முதல் வீச்சே வேண்டாம். மிதப்பு நகர்ந்ததும் சுண்டுங்கள். நம் ஊர் விராலுக்கு விழுங்க விடுவது போல இதற்கு நேரம் கொடுத்தால் முள் வயிற்றுக்குப் போய்விடும். மீனை மெத்தையில் கிடத்தி, செவுள் மூடிக்குள் விரலை விட்டு, செவுளைத் தொடாமல் தாடையோரம் நகர்த்தித் தூக்கினால் வாய் தானாகத் திறக்கும். முதல் தடவை கை நடுங்கும்; முடிந்தால் பழகிய ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராட் லைசென்ஸ் (தூண்டில் போடுவதற்கான உரிமம்) எடுத்துவிட்டீர்கள்தானே? நீங்கள் தூண்டில் போடும் கரை எந்த மீன்பிடிச் சங்கத்துடையது என்று விசாரித்து, அவர்கள் அனுமதியையும் வாங்குங்கள். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடைக்காலம். குழம்புக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால், ஆற்றில் சங்கத்தின் விதி இடம்கொடுத்தாலும் நாளொன்றுக்கு ஒரே ஒரு பைக், அதுவும் 65 சென்டிமீட்டருக்கு மிகாதது.