மொரிஸ் மைனரின் கியர்ப் பெட்டியை வீட்டில் திருத்தலாமா?

முதலாம் கியர் போடும்போது கறகறவென்று சத்தம் வருவதால், மொரிஸ் மைனரின் கியர்ப் பெட்டியை முற்றத்திலேயே இறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். அந்தக் காரின் முதலாம் கியருக்கு, வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோமெஷ் அமைப்பே கிடையாது என்பதால், ஓடிக்கொண்டிருக்கையில் அதைப் போட்டால் பற்கள் உரசத்தான் செய்யும். நிற்கும்போதும் உரசினால், கிளச் முழுமையாக விடுபடவில்லை என்று கருதி, முதலில் பெடலின் வெற்றசைவை, அதாவது கிளச் வேலைசெய்யத் தொடங்குமுன் பெடல் வெறுமனே அசையும் தூரத்தை, சரிசெய்யுங்கள்.

பிறகு ஒயிலை வடித்து விரலிடையே தேய்த்துப் பாருங்கள். மெல்லிய பொன்னிறத் தூள் மற்றக் கியர்களின் சின்க்ரோமெஷ் வளையங்களின் தேய்மானம். உருக்குத் துணுக்குகள் அகப்பட்டால் பெட்டியைத் திறக்காமல் தீராது. பெயாரிங்குகளைக் கழற்ற, அழுத்தித் தள்ளும் பிரஸ் இயந்திரம் வேண்டும் என்பதால், 1990களில் இக்கார்களை மண்ணெண்ணெயிலும் ஓடவைத்த யாழ்ப்பாணத்துப் பழைய கராஜ்காரர் எவரிடமாவது அதை ஒப்படைப்பதே என் தெரிவு. மீள நிரப்புவது எஞ்சின் ஒயில், கியர் ஒயில் அல்ல. முற்றத்து மணலில் காரைத் தூக்கும் ஜக் புதையும். அதை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுக்காதீர்கள்.