ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு 'ஹாய்'

கேள்வி: ஃப்ரெண்டுக்கு ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்ல 'ஹாய்'னு போட்டேன். ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல. 'இருக்கியா'ன்னு கேட்டேன், '??' போட்டேன், ம்ஹூம். ரெண்டு நாள் பொறுத்துட்டு காலேஜ் குரூப்ல ஸ்கிரீன்ஷாட் போட்டு நியாயம் கேட்டேன். மேல அவன் போன வாரம் கடன் கேட்ட மெசேஜும் சேர்ந்து வந்துடுச்சு, வேணும்னு பண்ணல. அவன் குரூப்பை விட்டே போயிட்டான். மரியாதை தெரியாதவன் யாரு?

பதில்: நீங்கதான்.

'ஹாய்'க்கு அவர் என்னன்னு பதில் சொல்வார், பெல்லை அடிச்சுட்டு வாசல்ல பேசாம நின்னா உள்ள இருக்கறவருக்கு என்ன புரியும்? 'சனிக்கிழமை கல்யாணத்துக்கு உன் கார்ல இடம் இருக்கா, காலைல சொன்னா போதும்'னு ஒரே மெசேஜா போட்டிருந்தா பல்லு தேய்ச்சுக்கிட்டே பதில் போட்டிருப்பார். ப்ளூ டிக் 2014 நவம்பர்ல வந்ததுலேர்ந்து ஆளாளுக்கு இதே பஞ்சாயத்துதான். அது சாட்டைத் திறந்தாங்கன்னு மட்டும்தான் சொல்லும், தூக்கக் கலக்கத்துல கை பட்டாலும் திறக்கும். செட்டிங்ஸ்ல போய் ரீட் ரிசீப்ட்ஸை ஆஃப் பண்ணிடுங்க, அப்புறம் மத்தவங்க டிக்கும் உங்களுக்குத் தெரியாது, நீங்களும் நிம்மதியா தூங்கலாம்.

இதெல்லாம் சில்லறை. அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு வருவோம். 1995லயே, அதாவது வாட்ஸ்அப் பொறக்கறதுக்கு பதினாலு வருஷம் முன்னாடியே, ஆர்எஃப்சி 1855னு இன்டர்நெட் ஆளுங்க ஒரு நடத்தை விதி எழுதி வெச்சாங்க. உனக்குன்னு தனியா வந்த மெசேஜை ஒரு குழுவுல திருப்பிப் போடணும்னா மொதல்ல எழுதினவர்கிட்ட பர்மிஷன் கேளுன்னு அதுல தெளிவா இருக்கு. அவர் உங்ககிட்ட கடன் கேட்டது உங்களை நம்பி, அதுவும் எவ்வளவு யோசிச்சு அழிச்சு அழிச்சு டைப் பண்ணாரோ, அதைப் போய் பழைய கிளாஸ்மேட் அத்தனை பேரும் பார்க்கற மாதிரி பண்ணிட்டு 'வேணும்னு பண்ணல'ன்னு எனக்கு எழுதறீங்க, அவர்கிட்ட சொன்னீங்களா? ஸ்கிரீன்ஷாட்டை க்ராப் பண்ண மூணு செகண்டு ஆகுமா சார்?

எல்லாருக்கும் டெலிட் பண்ற வசதிக்கு சுமார் ரெண்டு நாள்தான் டைம், உங்க கேள்வி எங்க கைக்கு வர்றதுக்குள்ள அது போயே போச்சு. அட்மினைக் கூப்பிட்டு அழிக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க. குரூப்லயும் மன்னிப்பு கேளுங்க, அவரை அசிங்கப்படுத்தினது அங்கதானே. அவருக்கு மட்டும் மெசேஜ் வேணாம், ஃபோன் பண்ணுங்க.

பகல்ல.